கெட்டியாக்காத தேநீர்

போன வருடம் குளிர் தொடங்கிய நேரம். மெல்பேர்னில், ஸ்பிரிங்வேல் பக்கம் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் நடந்தது இது. நான் அப்போது தாதியர் படிப்பில் இரண்டாம் வருடம். என்னோடு படித்த சிநேகிதியும் நானும் பயிற்சிக்காக அங்கே போய்க்கொண்டிருந்தோம். இருவருக்கும் வீடு கிரான்பர்னில் என்பதால் ஒரே ரயிலில்தான் போய்வருவோம்.

அங்கே வியட்நாம்காரர் ஒருவர் இருந்தார். பாரிசவாதம் வந்த பிறகு அவருக்கு விழுங்குவது கஷ்டம். தண்ணீரோ தேநீரோ, ஒரு பவுடரைக் கலந்து கூழ்ப் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். அவருக்கு எந்த அளவு கெட்டி என்பதைக் கட்டிலின் தலைமாட்டில் 'லெவல் த்ரீ' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

ஒரு மத்தியானம் நான் பக்கத்து அறையில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தேன். இருமலாகத் தொடங்கிய ஒரு சத்தம் பாதியில் அடைபட்டு நின்றது. ஓடினேன். அவருடைய உதடுகள் நீலம் பாரித்திருந்தன. பார்க்க வந்திருந்த மனைவி அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு தங்கள் மொழியில் ஏதோ கத்தினார். சிநேகிதி, கையில் கெட்டியாக்காத தேநீரோடு அப்படியே நின்றாள். நான் அவசர மணியை அழுத்தினேன். தாதி ஓடிவந்து, வாய்க்குள் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள்.

மாணவர்களுக்குப் பொறுப்பான தாதி எங்களை ஒரு அறைக்குள் கூப்பிட்டு விசாரித்தார். சிநேகிதி அழுதாள். "லெவல் த்ரீ என்றால் என்னவென்று எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. படிப்பித்தார்கள். அந்தப் பவுடரை எங்கள் கையாலேயே கலக்க வைத்து, குடித்தும் பார்க்க வைத்தார்கள். பசையைக் குடிப்பதுபோல இருந்தது. நான் முகம் சுளித்ததை இவள் போனில் வீடியோ எடுத்து ஸ்டோரியில் போட்டாள். அதற்கு யார் யார் என்ன எழுதுகிறார்கள் என்று மேசைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்ததில் மீதி வகுப்பு போய்விட்டது. அதைப் பற்றிய வீட்டுப்பாடத்தையும் ஏஐயிடம் கேட்டுத்தான் எழுதிக் கொடுத்தாள். நல்ல புள்ளியும் வாங்கினாள்.

தாதி என் பக்கம் திரும்பி, வகுப்பில் இது படிப்பிக்கப்பட்டதா என்று கேட்டார். சிநேகிதி என்னையே பார்த்தாள். ஓம், படிப்பித்தார்கள் என்று சொன்னேன்.

திரும்பி வரும்போது ரயிலில் அவள், "நீ என்னைக் காட்டிக் குடுத்திட்டாய்" என்றாள்.

"அந்த அங்கிள் செத்திருந்தா ஆரைக் குறை சொல்லியிருப்பாய்?"

"லெக்சர் போரடிச்சா நான் என்ன செய்யிறது?" என்று சொல்லிவிட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். எனக்கு அந்தப் போனைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் எழும்பி வேறு பெட்டிக்குப் போய்விட்டேன்.

அந்தப் பயிற்சியை அவள் முதலில் இருந்து செய்ய வேண்டி வந்தது. அவளுடைய அம்மா என் அம்மாவுக்கு போன் எடுத்து, சிநேகிதிக்காக ஒரு சொல்லை மாற்றிச் சொல்ல முடியாதா என்று கேட்டார். நான் சொன்னதை மாற்றவில்லை.

நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மனிதர், நான் பயிற்சி முடித்துக் கிளம்புவதற்குள் இல்லத்துக்குத் திரும்பி வந்துவிட்டார். அவர் வந்த அன்று நானே தேநீரைக் கலந்து, பதம் பார்த்துக் கொண்டுபோனேன். அவருடைய மனைவி என் சட்டையில் குத்தியிருந்த மாணவி அட்டையைப் பார்த்தார். கோப்பையை என் கையிலிருந்து வாங்கி, கரண்டியால் கிளறிப் பார்த்து, தானே அவருக்குப் பருக்கினார்.

அவர் கோப்பையை வாங்கிக்கொண்டதில் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் வகுப்பில் பக்கத்தில் இருப்பவர் மேசைக்குக் கீழே போனை எடுக்கும்போதெல்லாம் வருகிறது. படிக்காமல் விட்டது தன்னுடைய சொந்த விஷயம் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.