கையெழுத்துப் போடாமல் எதுவும் வெளியே போகாது

என் அக்கா முப்பத்தொரு வருஷம் பஸ் டெப்போவில் ஸ்டோர் கீப்பர். கண்ணைக் கட்டிவிட்டு எந்த போல்ட்டைக் கேட்டாலும் நேராகப் போய் எடுத்து வருவாள். ஆனால் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடாமல் மேனேஜரே வந்து நின்றாலும் ஒரு வாஷர்கூடக் கிடைக்காது. நான் அவளுக்கு நேர் எதிர். தீர்ந்துபோன டார்ச் பேட்டரியைக்கூட எதற்காவது ஆகும் என்று எடுத்து வைக்கிற ரகம்.

அப்பாவும் என் ரகம்தான். அவர் இறந்தபோது நாலு அறை நிறைய சாமான். இறக்கை இல்லாத ஃபேன், கால் உடைந்த ஸ்டூல்கள், எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத சாவிகள் ஒரு பக்கெட். ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் அக்காவும் போய் அள்ளினோம். ஐந்து மாதம் ஆனது. கடைசி நாள் வீட்டைப் பூட்டிவிட்டு அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பாவுக்காக நான் இன்னும் அழவே இல்லடா. அழ உட்கார்ந்தா அடுத்த மூட்டை வந்து நிக்குது. இப்போ அழுகையும் வரல. அவர் மேல கோவம்தான் வருது."

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

ரிட்டயர் ஆன மறுவாரமே தன் வீட்டில் கை வைத்தாள். டெப்போ சட்டம்தான். ஒரு வருஷமாக யாரும் தொடாத சாமான் வெளியே போகும். வாங்கிக்கொள்கிறவர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய குக்கரை வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டம்மா, "என்னங்க, பத்திரப்பதிவு மாதிரி இருக்கு!" என்று சிரித்துக்கொண்டே போட்டார். ஏணியை எதிர்வீட்டு பெயின்டருக்குக் கொடுத்த மறுநாள் கூடத்தில் பல்பு ஃபியூஸ் ஆனது. அக்கா நோட்டோடு எதிர்வீட்டுக்குப் போய், தானே கையெழுத்துப் போட்டு ஏணியை இரவல் வாங்கி வந்தாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, சட்டம் சட்டம்தானாம்.

அந்த நோட்டில் கையெழுத்துப் போடாத ஒரே ஆள் அவள் மகள். வெளியூரிலிருந்து வந்தவள் காலி அலமாரிகளைப் பார்த்ததும் பொரிந்து தள்ளிவிட்டாள்.

"உயிரோட இருக்கும்போதே எதுக்கும்மா மூட்டை கட்டுற? நான் எதையும் வாங்கிக்க மாட்டேன், போ."

"உங்க தாத்தா போனப்ப எனக்கு அழறதுக்கு நேரம் கிடைக்கல. உனக்குக் கிடைக்கணும். அவ்வளவுதான்டி."

"என்ன சொன்னாலும் போட மாட்டேன்."

அக்கா பேனாவை மூடி வைத்தாள். டெப்போவையே வரிசையில் நிற்க வைத்தவள், பெற்ற மகளிடம் தோற்றுப்போனாள்.

போன வருஷம் அக்கா போய்விட்டாள். காரியங்களெல்லாம் முடிந்த பிறகு, ஒரு காலையில் ஒன்பது மணிக்கு நானும் அவள் மகளும் வீட்டைத் திறந்தோம். உள்ளே இருந்தது ஒரே அலமாரி. கதவின் உள்பக்கம் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது: எந்தத் தட்டில் என்ன, யாருக்கு. சாவி ஒவ்வொன்றிலும் சீட்டு. வீட்டுப் பத்திரம், பேங்க் காகிதம் எல்லாம் ஒரே ஃபைலில். எடுத்து வைத்து முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இவள் என் அக்கா என்று தெருவில் நின்று கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு.

கடைசித் தட்டில் அவளுடைய நீல நிற டெப்போ கோட், துவைத்து மடித்து இருந்தது. 'மகளுக்கு' என்று சீட்டு. அதன் அடியில் அந்த நோட்டு. கடைசிப் பக்கத்தில் 'கோட், ஒன்று' என்று எழுதி, தேதிக்கும் கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தாள். பேனாவையும் உள்ளேயே செருகி வைத்திருந்தாள்.

மகள் அந்தப் பேனாவை உருவி எடுத்தாள். பிறகு தேதியைப் போட்டாள். கையெழுத்தும் போட்டாள். கோட்டை முகத்தோடு அணைத்துக்கொண்டு வெறுந்தரையில் உட்கார்ந்து, "அம்மா" என்று வாய்விட்டு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மணி பத்துதான் ஆகியிருந்தது. அன்று முழுக்க எங்கள் இரண்டு பேருக்கும் வேறு வேலையே இல்லை.