ஆரணியின் பாதங்கள்

பால்கனியிலிருந்து உள்ளே வந்த என் மகள் ஆரணிக்கு, ஒரு செருப்பு வாசலிலேயே கழன்றுவிட்டது தெரியவில்லை. "கால் விறைச்சுப்போய்க் கிடக்குது அம்மா," என்றாள். பதினாறு வயது. நாள் முழுக்கக் கைபேசியோடு சுருண்டு கிடந்தால் விறைக்காமல் என்ன செய்யும் என்று ஏசினேன்.

குடும்ப வைத்தியர் இரத்தம் பார்த்துவிட்டு, பி12 (நரம்புகளைக் காக்கும் உயிர்ச்சத்து, மச்சத்திலும் முட்டையிலும் பாலிலும் இருப்பது) குறைவு என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஊரை விட்டு டுசல்டோர்ஃப் நகரத்துக்கு வந்தும் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. கந்தசஷ்டி விரதமும் அப்போதுதான் முடிந்திருந்தது. அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன்.

மாத்திரைகள் தந்தார்கள். கால்கள் இன்னும் மோசமாகின. பள்ளிக்கூடப் படியில் விழுந்த அன்று மருத்துவமனையில் சேர்த்தோம். முள்ளந்தண்டு வடம் (மூளைக்கும் கால்களுக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் நரம்புக் கற்றை) பழுதடைந்திருந்தது.

"விரதத்தால் இவ்வளவு வேகமாக வராது," என்றார் நரம்பு மருத்துவர். "வேறு ஏதோ இருக்கிறது. அதை நிறுத்தாவிட்டால் நடை திரும்பாமலே போகலாம். நான் அவளோடு தனியாகப் பேச வேண்டும்."

பெற்ற தாயை வெளியே போகச் சொல்ல இவர் யார்? பொருமிக்கொண்டே வெளியே வந்தேன்.

நடைவழியில் ஆரணியின் சிநேகிதி டிலானி நின்றாள். பார்க்க வர வேண்டாம் என்று நான் சொல்லியும் வந்திருந்தாள்.

"அன்ரி, விரதத்தால இல்லை. லாஹ்காஸ்."

லாஹ்காஸ் என்பது சிரிப்பு வாயு (பல் வைத்தியத்தில் வலி தெரியாமலிருக்கக் கொடுப்பது). பிள்ளைகள் அதைப் பலூனில் அடைத்து உறிஞ்சுகிறார்களாம். உடம்பிலுள்ள பி12-ஐ அது வேலை செய்ய விடாது என்று பிறகு அறிந்தேன்.

"ஆர் குடுத்தது?"

"நான்தான் அன்ரி. அவள் முதல்ல மாட்டன் எண்டவள். நாங்கள் எல்லாரும் சிரிச்சனாங்கள்." அழத் தொடங்கினாள். "ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவள். ஆனா அவளுக்கு நடக்க ஏலாமப் போனா?"

கன்னத்தில் ஒன்று போடக் கை துடித்தது. அந்தக் கையாலேயே அவளை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். டிலானிதான் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

பி12 ஊசிகள் தொடங்கின. பிறகு இயன்மருத்துவம் (நடையையும் தசைகளையும் மீளப் பழக்கும் பயிற்சி). முழுதாகக் குணமாகும் என்று எவரும் வாக்குத் தரவில்லை.

"கூடாதெண்டு தெரிஞ்சும் ஏன் எடுத்தனீ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தனிய எண்டால் பயந்திருப்பன் அம்மா. அவையளோட நிக்கேக்க பயமே வரேல்லை."

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். மருத்துவர் வெளியே போகச் சொன்னால், தயவுசெய்து போங்கள்.

ட்ராம் வருகிறது, ஓடு ஓடு என்று அவளை விரட்டிய வாய் இது. இப்போது வருகிற ட்ராம்களைப் போகவிட்டுவிட்டு நிற்கிறோம். பாதங்களைப் பார்த்துப் பார்த்து அவள் எடுத்துவைக்கும் அடிக்கு என் கால்களும் பழகிவிட்டன.

போன வாரம் குளியலறையில் ஒரு சத்தம். விழுந்துவிட்டாள் என்று ஓடினேன். உள்ளே தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தாள்.

"டிலானி, தண்ணி குளிருதடி! கால்விரல்ல குளிருது!"

முதலில் எனக்குச் சொல்லவில்லையே என்று எரிச்சல் வந்தது. அதற்குள் கண்ணீரும் வந்துவிட்டது. கதவைத் தட்டாமல் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.