எலும்புச் சாரம்

ஆய்வகக் கதவில் ‘எலும்புச் சாரம்’ என்று எழுதி ஒட்டியது நான்தான். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதில்லையா, அதுபோல உடைந்த எலும்பு பற்றிக்கொண்டு வளரப் பீங்கானில் கட்டும் சாரம். மதுரைக்காரர்களுக்கு எலும்பு என்றால் சூப்புதானே! ஒத்தக்கடைப் பக்கம் இருந்த எங்கள் கல்லூரியில் கேட்காத ஆள் பாக்கியில்லை. “அக்கா, சூப்பு ரெடியா?” ஆராய்ச்சி மாணவிக்கு இந்த மரியாதை. துறைத்தலைவர் தாளைக் கிழிக்கச் சொன்னார். நான் கிழிக்கவில்லை.

எங்கள் மிஷின் பீங்கான் பசையை முறுக்குப் பிழிவதுபோல் மெல்லிய இழைகளாகப் பிழிந்து, இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கும். காய்ந்த பிறகு உலையில் சுட வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் அது காயும்போதே வெடித்தது.

“ஓட்டை போட்டா உடையத்தாம்மா செய்யும். வில்லையா அழுத்திச் சுட்டுக் குடு” என்றார் துறைத்தலைவர். “அடுத்த வாரம் மிஷினுக்குப் பணம் குடுத்த கமிட்டி வருது. காட்ட ஒண்ணும் இல்லேன்னா மிஷினை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “ஓட்டை இல்லேன்னா எலும்பு எங்குட்டு சார் வளரும்?”

“ரொம்பப் பேசுற.”

பேசத்தான் செய்வேன். ஈரச் சாக்கைச் சுற்றிலும் போட்டு மூடி, மெல்லக் காயவிட்டுச் சுட்டேன். ஒன்றே ஒன்று முழுசாக வந்தது. ஒன்று போதும்.

கமிட்டியில் வந்தவர் எலும்பு டாக்டர். மேஜையில் என் சாரத்துக்குப் பக்கத்தில், வேறொரு மாணவனை வைத்துச் செய்த வில்லையைத் துறைத்தலைவர் எனக்குத் தெரியாமலே வைத்திருந்தார். டாக்டர் அதைத் தட்டிப் பார்த்து, “நல்லா ஸ்ட்ராங்கா இருக்கே” என்றார். துறைத்தலைவரின் முகம் மலர்ந்தது.

யாரும் கேட்காமலே எழுந்து போய், இரண்டின் மேலும் பேனா மையைச் சொட்டினேன். வில்லையின் மேல் மை அப்படியே நின்றது. சாரத்தில் விட்டது உள்ளே இறங்கி, அடியில் கிடந்த காகிதத்தை நனைத்தது.

“ரத்தம் போகாத இடத்துல எலும்பு வராது டாக்டர்.”

தலைக்கு மேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன? துறைத்தலைவர் பக்கம் திரும்பினேன். “உங்க கால் ஒடிஞ்சா இதுல எதை சார் வைக்கச் சொல்வீங்க?”

டாக்டர் சிரித்துவிட்டார். “மிஷின் இந்தப் பொண்ணுகிட்டயே இருக்கட்டும்” என்றார்.