மண்ணெண்ணெய் மணக்காத மூடிகள்

அன்போடு தரப்பட்ட வெறும் போத்தலின் மூடியை, தந்தவரின் கண்முன்னாலேயே மணந்து பார்ப்பது அவமதிப்பா, பொறுப்பா? நோர்வேயில் எங்கள் கீழ்வீட்டில் வசிக்கும் இங்க்ரிட், ஒரு கடதாசிப் பை நிறைய ஜாம் போத்தல்களைக் கொண்டுவந்த அன்று இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. முற்றத்தில் நான் வளர்த்த தக்காளி குளிருக்கு முன் பழுக்காது. பச்சையாகவே ஊறுகாய் போடலாமென்று அவரிடம் போத்தல் கேட்டிருந்தேன். முதல் மூடியை மூக்கருகே கொண்டுபோனதும் அவர் முகம் சிவந்தது.

"சுடுநீரில் கழுவியவை."

"தெரியும்," என்றேன். என் அரைகுறை நோர்வீஜிய மொழியில் அது இன்னும் மோசமாக ஒலித்திருக்க வேண்டும். பையை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

மூடியை மணக்கும் பழக்கம் ஊரில் தொற்றியது. திருகோணமலையில் போரால் பாதை பூட்டியிருந்த காலம் அது. கிளிவெட்டிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்தவர்கள் எங்கள் வீட்டருகே பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். நிவாரணமாக அரிசியும் பருப்பும் வந்தன, தொட்டுக்கொள்ள எதுவுமில்லை. எங்கள் வளவின் இரண்டு தேசி மரங்களோ எலுமிச்சங்காயாகக் காய்த்துக் கொட்டின. வாங்க வியாபாரிகள் வரவில்லை. பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருந்த நான், அவ்வளவு காயையும் ஊறுகாயாக்கித் தருவதாகப் பள்ளிக்கூடத்தில் வாக்குக் கொடுத்தேன். வீடு வீடாகப் போய் ஜாம் போத்தல்கள் சேர்த்து, சாம்பலால் தேய்த்து, அவித்து, வெயிலில் காயவைத்தேன். மூடிகளைத் துடைத்ததோடு சரி.

முதற் போத்தலைத் திறந்தவர் மங்களம். கிளிவெட்டியில் வயல் செய்தவர், என் வயதுக்காரியானாலும் மரியாதைக்கு என்னை அக்கா என்பார்.

"அக்கா, இதைச் சோத்தோட தின்னுறதோ, திரி போட்டுக் கொளுத்துறதோ?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். யாரோ மண்ணெண்ணெய் வாங்கி வைத்த போத்தல் அது. கண்ணாடியில் ஒட்டாத மணம், மூடிக்குள் இருந்த அட்டை வட்டத்தில் ஊறிக் கிடந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் நாற்பது போத்தல்கள் இருந்தன; மரத்தில் இனிக் காயில்லை. உதவியென்று கொடுத்தது ஒரு குழந்தையின் வயிற்றைக் கெடுத்தால், என் நல்லெண்ணம் அதற்கு மருந்தாகுமா? எல்லாவற்றையும் கொட்டிவிடுவோம் என்றேன்.

"கொட்டவோ? உங்களுக்கென்ன விசரே? படிச்சனீங்கள், மூக்கும் இருக்குத்தானே. ஒவ்வொண்டா மணந்து பாருங்கோ. நாறுறதை மட்டும் எறிவம்."

அன்று பகல் முழுவதும் இருவரும் மணந்தோம். பழுதானவை இன்னும் இரண்டே. மற்ற மூடிகளின் அட்டைகளைப் பிடுங்கி எறிந்தோம். மூடிகளை அவித்துக் காயவைத்து, அனலில் வாட்டிய வாழையிலைத் துண்டை உள்ளே வைத்து இறுக்கினோம். பாதை திறந்து அவர்கள் ஊர் திரும்பும்வரை ஒரு போத்தலிலும் பூஞ்சணம் பிடிக்கவில்லை. 'பட்டதாரி ஊறுகாய்' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். பட்டமளிப்பு மேடையில்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

பாதை மறுபடியும் பூட்டிவிட்டதாக ஊரிலிருந்து கடிதம் வந்த கிழமையில், தக்காளி ஊறுகாய் பதமானது. ஒரு போத்தலோடு கீழே இறங்கிப் போய், கைகளின் துணையோடு முழுக்கதையையும் இங்க்ரிட்டுக்குச் சொன்னேன். ஒரு கரண்டி வாயில் வைத்தார், கண் கலங்கியது. இன்னொரு கரண்டி எடுத்தார். பிறகு மூடியைத் தூக்கி, மிகக் கவனமாக மணந்து பார்த்துத் தலையசைத்தார்.

என் குசினி அலுமாரியில் இப்போது வரிசையாகப் போத்தல்கள் இருக்கின்றன. 'பிளம்' என்று அவர் எழுதிய ஒட்டுத்தாளுக்கு மேலே, 'தக்காளி' என்று நான் தமிழில் எழுதி இன்னொன்று ஒட்டியிருக்கிறேன். இரண்டையும் உரிக்கவில்லை.

அன்றிலிருந்து இங்க்ரிட் போத்தல்களையும் மூடிகளையும் வேறுவேறு பைகளில் தருகிறார். மூடிகளைத் தானே மணந்து பார்த்த பிறகுதான் தருகிறார்.