செருப்பைத் துழாவிய கால்

சினிமா எடிட்டர்கள் வட்டாரத்தில் அவளுக்குத் திடுக்கு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று சும்மா இருந்துவிடுவாள். பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்று, வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்லி மாத்திரை கொடுப்பவள், வீட்டுக்கு வந்தால் பல்லியைப் பார்த்துக் கத்துவாள். லிஃப்டில் தனியாக ஏறமாட்டாள். குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப் போடும். அப்படியொரு பயந்தாங்கொள்ளி.

அவள் புருஷன் எடிட்டர். அவன் கைக்கு வருவதெல்லாம் பேய்ப் படம். மனுஷன் கெட்டிக்காரன், பெண்டாட்டியின் பயத்தை வீணாக்கவில்லை. எந்தப் படமானாலும் முதல் வெட்டு முடிந்ததும் அவளைக் கொண்டுவந்து எடிட்டிங் அறையில் உட்கார வைப்பான். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும், அதுதான் சட்டம். அவன் திரையைப் பார்க்கமாட்டான். அவள் காலைத்தான் பார்ப்பான். கால் நாற்காலிமேல் ஏறினால் காட்சி தேறியது. கால் சலித்துப்போய்ச் செருப்பைத் துழாவினால் காட்சிக்குக் கத்தரி. அந்தக் கால்கள் அதுவரை அவனை ஏமாற்றியதே கிடையாது.

இந்தத் தடவை படம் எடுத்தவன் அவளுடைய தம்பி. முதல் படம். பொல்லாத ரோஷக்காரன். முன்பு ஒரு கதையைக் கொண்டுவந்து சொல்ல, அவள் சுமார்தான் என்று சொல்லப்போக, மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனவன், அம்மா அக்கா வீட்டில் வந்து படுத்த படுக்கையான பிறகுதான் அந்த வாசலை மிதித்தான். இப்போது அம்மாவும் இல்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு மிச்சம் இவன் ஒருத்தன்தான். படம் நன்றாயில்லை என்று தெரிந்தால் இவனும் போய்விடுவான். அன்று மத்தியானம் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வரும்போதே தீர்மானித்துவிட்டாள்: என்ன கண்றாவியாக இருந்தாலும் சரி, கால் கீழே இறங்கக் கூடாது.

தம்பி நாற்காலியை இழுத்து அவள் பாதத்துக்கு நேரே போட்டுக்கொண்டான். அவனும் திரையைப் பார்க்கவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

படம் ஓடியது. அம்மாவைப் பறிகொடுத்த ஒருவன் அவளுடைய அறையைப் பூட்ட மனமில்லாமல் இருக்கிறான். பேய் என்று எதுவும் கண்ணில் படவில்லை. அணைத்துவிட்டுப் போன ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது, மடித்து வைத்த போர்வை கலைந்து கிடக்கிறது, அவ்வளவுதான். அதற்கே அவளுக்கு உடம்பு சில்லிட்டது. நடிக்கவே வேண்டியிருக்கவில்லை, கால் தானாக ஏறிற்று. பரவாயில்லையே, பயல் தேறிவிட்டான் என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. மகன் பழக்கதோஷத்தில் காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, சின்னத் தட்டால் மூடிவிட்டுத் தூங்கப் போகிறான். விடிகிறது. இசை இல்லை, சத்தம் இல்லை. தட்டு மூடினது மூடினபடி இருக்கிறது. எடுத்துப் பார்க்கிறான். பாதித் தண்ணீர்தான் இருக்கிறது.

அவளுடைய அம்மா அப்படித்தான். ராத்திரி பாதியைக் குடித்துவிட்டு மீதியை மூடி வைப்பாள்.

திடுக்குவின் கால் கீழே இறங்கியது. செருப்பைத் துழாவி மாட்டிக்கொண்டது. கதவைத் திறக்கப் போனபோதுதான் அவளுக்கே சுயநினைவு வந்தது. பாத்ரூம் என்று ஏதோ முனகிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். எடிட்டர் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டான். தம்பியின் முகம் செத்துப்போயிற்று.

ஐயோ, காரியத்தைக் கெடுத்தோமே என்று பதறிப்போனாள். ஈடுகட்ட வேண்டுமே! இரண்டாம் பாதி முழுக்கக் காலை இறக்கவே இல்லை. அந்த இரண்டாம் பாதி இருக்கிறதே, சொல்லவே கூசுகிறது. அதுவரை கண்ணில் படாமலே கதிகலங்க வைத்த அம்மா, வெள்ளைக் கண்ணும் விரித்த தலையுமாகக் கூரையிலிருந்து குதிக்கிறாள். சொந்தப் பேரப்பிள்ளையின் கழுத்தை நெரிக்கிறாள். ஒவ்வொரு தடவையும் காது கிழிய இசை கட்டியம் கூறிய பிறகுதான் வருகிறாள். போதாக்குறைக்கு ஒரு மந்திரவாதி, அவள் ஏன் பேயானாள் என்று உட்கார்ந்து பாடம் நடத்துகிறான். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் சாவகாசமாக டீ குடிக்கிறார். திடுக்குவுக்குக் கொட்டாவி வந்தது. அதை விழுங்கிக்கொண்டு நடுங்கிக் காட்டினாள்.

விளக்கைப் போட்டார்கள். எடிட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கால் சொன்னபடி பார்த்தால் டம்ளர் காட்சியை எடுத்துவிடலாம், மற்றதெல்லாம் இருக்கட்டும் என்றான். தம்பி பையை எடுத்துத் தோளில் மாட்டினான். கதவருகே போய் நின்றான்.

"அக்கா, இன்ஸ்பெக்டர் டீ குடிக்கிறதுக்கு எதுக்குக் காலைத் தூக்கி வச்சிருந்தே?"

வசமாக மாட்டிக்கொண்டாள். ஏதாவது சொல்லிச் சமாளித்தால் இவன் தங்குவான். டம்ளர் போய்விடும், அதோடு படமும் போய்விடும்.

"டம்ளர்ல மட்டும் கை வைக்காதீங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். "அது பிடிக்காம எழுந்திரிக்கலடா. வீட்டுக்கு ஓடிப்போய் அம்மா கட்டில்கிட்ட தண்ணி இருக்கான்னு பாக்கணும் போல இருந்துச்சு. நான் இன்னமும் தினம் வைக்கிறேன். ஆனா பின்பாதி நல்லா இல்ல. நம்ம அம்மா பேயாவே வந்தாலும் பிள்ளைங்க கழுத்தைப் பிடிக்கமாட்டா. கோச்சுக்கிட்டுப் போறதுன்னா போ."

தம்பி போகவில்லை. கதவின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றான்.

"காலையில எவ்வளவு இருக்கும்க்கா?"

"பாக்க எனக்கெங்க தைரியம்? இவருதான் எடுத்துக் கொட்டுவாரு."

இரண்டு பேரும் எடிட்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆயுசு முழுக்கப் பேய்களை வெட்டி ஒட்டியவன் கீபோர்டை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

"நான் எங்க பாத்தேன்? கண்ணை மூடிக்கிட்டுத்தான் கொட்டுவேன்."

யாரும் சிரிக்கவில்லை. தம்பி பையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். செருப்பை உதறிவிட்டு, இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டான்.

"மாமா, அந்த மந்திரவாதியை வெட்டிடுங்க" என்றான். "டம்ளர்லேர்ந்து திரும்பப் போடுங்க."