மடிப்பு விழாத ஷூ

வேலூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். விரல்களில் பட்டுச் சாயம் ஏறியிருந்தது. மடியில் ஒரு ஷூ பெட்டி. கொஞ்சம் ஜோடிகளே வெளிவந்து, ஆன்லைனில் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோன ஷூ அது. நானும் முயன்று ஏமாந்திருந்தேன். அவரோ மூடியைத் திறப்பதும் முகர்வதும் மூடுவதுமாக வந்தார்.

“உங்களுக்குக் கெடச்சிதா?” என்றேன்.

“வீட்ல இருக்கிற எல்லா போன்லயும் ஆர்டர் போட்டேங்க. வேலூர்ல ஒருத்தர் ரெண்டு மடங்கு வெல தர்றேன்னு கேட்டுகினு இருக்காரு.”

எனக்குச் சுருக்கென்றது. “ஆசையா போடறவங்களுக்குக் கெடைக்காம பண்றது தப்பில்லையா?”

“நானும் ஆசப்பட்டவன்தாங்க. இது என் சைஸு.”

“அப்ப போட்டுக்க வேண்டியதுதானே?”

“நல்லா சொன்னீங்க! நாங்க நெய்யிற புடவைக்கு மடிப்பு கலஞ்சா வெல போச்சி. இதுல மடிப்பு விழுந்தா வெல போச்சி. நாலு அடி நடந்தாலே விழுந்துடும்.”

வேலூர் நெருங்கியபோது அவர் செருப்பைக் கழற்றினார். ஷூவை மாட்டிக்கொண்டு, தரையில் படாமல் இரண்டு கால்களையும் தூக்கிப் பிடித்தபடி கண்களை மூடினார். வெளியே மலைகள் மெல்லப் பின்னால் நகர்ந்தன. பஸ் குலுங்கியபோதும் அவர் கால்விரலைக்கூட மடக்கவில்லை. ஏதோ மேகத்தின்மேல் நடந்துகொண்டிருப்பவர்போல் முகம் மலர்ந்திருந்தது.

பஸ் ஸ்டாண்டு வந்ததும் கழற்றி, துடைத்து, பெட்டியில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அவர் செய்தது தப்பு என்று யாரிடமும் இன்னும் வாதாடுவேன். ஆனால் அந்த ஷூவை அவரைவிட ஆசையாக நான் போட்டிருப்பேன் என்று மட்டும் வாதாட மாட்டேன்.