நிலா சைக்கிள் பழகிய வருஷம்

நிலாவும் ரகுவும் இரட்டைப் பிள்ளைகள். ரகு நான்கு நிமிடம் மூத்தவன். அதை வைத்துக்கொண்டே பதினாறு வருஷம் அண்ணனாக அதிகாரம் செய்தான். ஒரகடத்தை ஒட்டிய ஊர். அப்பா முனிரத்தினம் ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன். பள்ளிக்கூடத்துக்கு ரகுதான் பழைய சைக்கிளில் தங்கையைப் பின்னால் உட்காரவைத்து அழைத்துப்போவான். அதனால் நிலா சைக்கிள் பழகவே இல்லை.

பிளஸ் ஒன் சேர்ந்த மூன்றாம் மாதம் ரகுவுக்கு டெங்கு வந்தது. ஆறாம் நாள் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. பள்ளியில் தோழிகள் கெட்டவர்கள் இல்லை. என்ன பேசுவதென்று தெரியாததால் அவள் வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒருநாள் படுக்கும்போது நிலா யோசித்துப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்தது 'உள்ளேன் ஐயா' மட்டும்தான்.

டிசம்பரில் பள்ளி மைதானத்தில் அரசின் இலவச சைக்கிள் கொடுத்தார்கள். பட்டியல் பழையது. ரகுவின் பெயரையும் படித்துவிட்டார்கள். நிலா எழுந்து மேடைக்குப் போனாள்.

"சார், ரகு செத்துட்டான். நான் அவன் தங்கச்சி. என்னுத மட்டும் குடுங்க."

அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல்முறை. சைக்கிளை வீடு வரை தள்ளிக்கொண்டே வந்து மாடிப்படிக்குக் கீழே நிறுத்தினாள். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

மாடி அறையில் குடியிருந்தவள் சுகப்பிரியா. சங்கரன்கோவில் பக்கம். செல்போன் கம்பெனியில் வேலை. அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.

"ஏ பிள்ள, சைக்கிள் சும்மாதான நிக்கி?"

"எனுக்கு ஓட்டத் தெரியாதுக்கா. ரகுதான் இட்டுகினு போவான்."

"எனக்கும் தெரியாதுல்லா. வா, ரெண்டு பேரும் விழுவோம்."

ஊருக்கு வெளியே வீடு கட்டாத மனைப் பிரிவு ஒன்று இருந்தது. ஆளில்லாத நல்ல தார்ரோடு. ஒருத்தி மிதிக்க மற்றவள் பிடித்தாள். சொன்னபடியே இருவரும் விழுந்தார்கள். மூன்றாவது ஞாயிறு சுகப்பிரியா கால் தடுக்கி உட்கார்ந்துவிட, நிலா தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்தது. துடைக்கலாமென்றால் கையை எடுக்க பயம். அழுதுகொண்டே மூன்று சுற்று வந்தாள். இறங்கியதும் முள்வேலி ஓரம் உட்கார்ந்து ரகுவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மா மீனம்மாளிடம், ரகு பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான் என்றாள். அம்மா உலையில் அரிசியைப் போட்டாள். பிறகு, அவன் பழகியபோது நேராக ஏரியில் இறங்கிய கதையைச் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள், அழுதார்கள். சோறு குழைந்துபோயிற்று.

திங்கட்கிழமை நிலா சைக்கிளிலேயே பள்ளிக்குப் போனாள். சுகப்பிரியா கம்பெனியில் சொல்லிவிட, அவள் லைனில் வேலை செய்யும் பெண்கள் நாலைந்து பேர் பழக்கித்தரச் சொல்லி வந்தார்கள். ஒரு சைக்கிள் போதவில்லை. நிலா வகுப்புத் தோழிகளிடம் கேட்டாள். ஷாரோன் சைக்கிளோடு தானும் வந்தாள். வந்தவள் முதலில் ரகுவைப் பற்றித்தான் கேட்டாள். வாராவாரம் ஆளும் சைக்கிளும் கூட, ஞாயிற்றுக்கிழமை மனைப் பிரிவில் ஒரே கூச்சல்.

பங்குனி உத்திரத்தன்று பதினோரு சைக்கிள்கள் வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குக் கிளம்பின. நிலா முன்னால். சந்திப்பில் ஒரு கன்டெய்னர் லாரி நின்று, கடைசி சைக்கிள் கடக்கும்வரை காத்திருந்தது. கோவில் வாசலில் முனிரத்தினம் நின்றிருந்தார். வரிசையாக வந்து இறங்கிய பெண்களை வாய் பிளந்து பார்த்தார்.

"இவ்ளோ பேருக்கும் நீயா கத்துக் குடுத்த?"

"ஆமாப்பா. இன்னும் ஆறு பேரு கீறாங்க. அடுத்த வாரம் அவங்கதான்."